சோடாவைத் தேடாதீர்கள், நெஞ்சை அழுத்துங்கள்!

“மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு, யாரும் பயப்படாதீங்க!”

2016 நவம்பரில் ஒரு ராத்திரி, என் அக்கா வீட்டுக் கூடத்தில் ஏழெட்டுப் பேர் மாற்றி மாற்றிச் சொன்ன வார்த்தை இது. அந்த ஏழெட்டுப் பேரில் நானும் ஒருத்தி.

அத்தானுக்கு அப்போது 54 வயசு. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து ஊஞ்சலில் உட்கார்ந்தவர், “என்னமோ மாதிரி இருக்கு” என்றார். அடுத்த நிமிஷம் பக்கவாட்டில் சரிந்துவிட்டார். கை இரண்டு தடவை வெட்டி இழுத்தது. “வலிப்புதான்” என்று எதிர்வீட்டுப் பெரியவர் தீர்ப்புச் சொல்லி, பீரோச் சாவிக்கொத்தை எடுத்து அத்தானின் உள்ளங்கையில் திணித்தார். நான் சொம்புத் தண்ணீரை முகத்தில் அடித்தேன். என்னவர் தெருமுனைக் கடைக்குச் சோடா வாங்க ஓடினார். அக்கா உள்ளங்காலைச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தர் விசிறினார். அப்போதுதான் அத்தானின் தொண்டையிலிருந்து குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. மீன் வாயைத் திறப்பது மாதிரி வாய் திறந்து மூடியது. எங்களுக்கெல்லாம் போன உயிர் திரும்பி வந்தது. மூச்சுதான் இருக்கிறதே!

அப்புறம் ஆட்டோ. நாலு பேர் தூக்கி, ஆளை மடக்கி உட்கார வைத்து, ஆஸ்பத்திரி போய்ச் சேர இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அங்கே இருந்த இளவயசு டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்துக் கேட்டார்: “விழுந்ததும் யாராவது நெஞ்சை அழுத்தினீங்களா?”

குறை சொல்லும் குரலில் அவர் கேட்கவில்லை. எழுதிக்கொள்வதற்காகக் கேட்ட கேள்விதான். ஆனால் அதற்கு நாங்கள் ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. சோடா பாட்டில் என்னவர் கையிலேயே இருந்தது.

அந்தக் கேள்வியை இரண்டு வருஷம் சுமந்துகொண்டு திரிந்தேன். 2018-இல் காலேஜில் படித்துக்கொண்டிருந்த என் பெண் ஒரு நாள் முகாமுக்குப் போய்விட்டு வந்து, தலையணையைத் தரையில் போட்டு அதன்மேல் குத்துவதுபோல் ஏதோ செய்துகொண்டிருந்தாள். “என்னடி பண்றே?” என்றேன். “சி.பி.ஆர்.மா. இதயம் நின்னுபோனவங்களுக்குச் செய்யறது” என்றாள். நான் துவரம்பருப்பு முறத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுத்த மாதமே, மயக்க மருந்து கொடுக்கும் ஒரு லேடி டாக்டர் எங்கள் உறையூர்ப் பக்கத்தில் பொதுமக்களுக்கு வகுப்பு எடுக்கிறார் என்று கேள்விப்பட்டு அதற்கும் போனேன். இனி நான் எழுதுவது அவரிடம் கற்றதும், பின்னால் தேடிப் படித்ததும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மாரடைப்பு வேறு, இதயம் நின்றுபோவது வேறு. மாரடைப்பு என்பது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு. அந்த ஆள் பேசுவார், வியர்ப்பார், நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். அவருக்கு நெஞ்சை அழுத்தக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஆனால் அந்த அடைப்பினாலோ வேறு காரணத்தாலோ இதயம் ரத்தத்தைத் தள்ளுவதையே நிறுத்திவிட்டால், ஆள் சில நொடிகளில் நினைவிழந்து விழுகிறார். அதுதான் இதய நிறுத்தம். மூளைக்கு ரத்தம் போகவில்லை என்றால் நாலைந்து நிமிஷத்திலேயே அது கெட ஆரம்பிக்கிறது. ஒன்றும் செய்யாமல் போகும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு வரை குறைந்துகொண்டே போகிறது. எங்கள் இருபது நிமிஷத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் குறட்டைச் சத்தத்துக்கு வருகிறேன். அது மூச்சு இல்லை சகோதரிகளே! இதயம் நின்ற பிறகும் சிலருக்குச் சில நிமிஷம் வரை அப்படி விட்டு விட்டு இழுக்கும். மூளையின் அடித்தண்டு கடைசியாகப் போடும் கூச்சல் அது. கை கால் வெட்டி இழுப்பதும் அதே வகைதான். கூப்பிட்டால் பதில் இல்லை, ஒழுங்கான மூச்சு இல்லை, இந்த இரண்டும் இருந்தால் போதும். அதற்குமேல் நாடி பிடித்துப் பார்ப்பது, மூக்கில் பஞ்சு வைத்துப் பார்ப்பது இதெல்லாம் வேண்டாம். நாடி பார்ப்பதில் பழகியவர்களே தடுமாறுவார்களாம். பத்து நொடிக்குள் முடிவு எடுத்துவிட வேண்டும்.

முடிவு எடுத்ததும் எது முதல்? இங்கேதான் நாமெல்லோரும் கோட்டைவிடுகிறோம். நம் வீடுகளில் பத்துப் பேர் பத்து வேலை செய்வோம். எல்லாம் அன்பினால்தான், ஆனால் ஒன்றும் உதவாது. உதவுகிற வேலைகள் இரண்டே இரண்டு. ஒருத்தர் 108-க்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைக்க வேண்டும். ஒருத்தர் நெஞ்சை அழுத்த வேண்டும். தனியாக இருந்தால் போனை ஸ்பீக்கரில் பக்கத்தில் வைத்துவிட்டு நாமே இரண்டையும் செய்யலாம். பெரியப்பாவுக்குச் சொல்வது, பணம் எடுத்து வைப்பது, இன்ஷூரன்ஸ் கார்டு தேடுவது எல்லாம் அப்புறம்.

ஆளைத் தரையில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். கட்டில் மெத்தையில் செய்தால் மெத்தைதான் அமுங்கும், நெஞ்சு அமுங்காது. பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, நெஞ்சின் நட்டநடுவில், நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில், ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைக்க வேண்டும். இடது பக்கம் இல்லை, நடுவில்! அதன்மேல் இன்னொரு கை. முழங்கை மடங்கவே கூடாது. சப்பாத்தி மாவை அதிகமாகப் பிசைகிறபோது கை வலித்தால் என்ன செய்வோம்? எழுந்து நின்று, கையை நீட்டி, இடுப்பிலிருந்து உடம்புப் பளுவைப் போட்டு அழுத்துவோம் இல்லையா, அதே மாதிரி. 5 செ.மீ.-க்குக் குறையாமல், 6 செ.மீ.-க்கு மேல் போகாமல் அமுங்க வேண்டும். நம் கணக்கில் முழுசாய் இரண்டு அங்குலம், அதற்குமேல் கொஞ்சம். ஒவ்வொரு அழுத்தலுக்கும் பிறகு நெஞ்சு முழுக்க மேலெழும்ப விட வேண்டும். அப்போதுதான் இதயத்தில் மறுபடி ரத்தம் நிரம்பும்.

வேகம் நிமிஷத்துக்கு 100 முதல் 120. சுவர்க் கடிகாரத்தின் ஒரு ‘டிக்’குக்கு இரண்டு அழுத்தல் என்றால் 120 வந்துவிடும். அதற்குத் துளி மெதுவாக இருந்தால் சரி. நான் எங்கள் சமையலறைக் கடிகாரத்தை வைத்துத்தான் பழகினேன். ஒன்று சொல்லிவிடுகிறேன், தலையணையில் மட்டும் பழகுங்கள். சோபாவில் தூங்குகிற வீட்டுக்காரர்மேல் பழகிப் பார்த்துவிடாதீர்கள். நன்றாகத் துடிக்கிற இதயத்தை அழுத்துவது விளையாட்டில்லை.

நான் வகுப்பில் கேட்ட முதல் கேள்வி, “வாயோடு வாய் வைத்து ஊத வேண்டாமா?” என்பதுதான். சினிமாவில் அப்படித்தானே காட்டுகிறார்கள்? முன்பு டாக்டர்களும் அந்த வரிசையைத்தான் சொன்னார்கள்: முதலில் மூச்சுப் பாதை, அடுத்து மூச்சு, மூன்றாவதாக நெஞ்சு அழுத்தம். 2010-இல் அமெரிக்க இதயச் சங்கம் அந்த வரிசையையே மாற்றி, நெஞ்சு அழுத்தத்தை முதலில் வைத்தது. திடீரென்று விழுந்த பெரியவர்களின் ரத்தத்தில் அப்போது பிராணவாயு இருக்கத்தான் இருக்கிறது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் ஆள் இல்லை. நம் நாட்டிலும் 2017-இல் மயக்கவியல் டாக்டர்களின் சங்கம், பயிற்சி இல்லாத பொதுஜனங்களுக்காக வெறும் நெஞ்சு அழுத்தம் மட்டுமே உள்ள முறையை வகுத்துக் கொடுத்தது. ஊதத் தெரிந்து பழகியவர்கள் 30 அழுத்தலுக்கு 2 மூச்சு கொடுக்கலாம். தெரியாதவர்கள் அதற்காகக் கூச்சப்பட்டுக்கொண்டு நிற்க வேண்டாம், அழுத்திக்கொண்டே இருந்தால் போதும்.

“நடுவில் நிறுத்தாதே” என்று டாக்டரம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். ஏன் என்று எனக்கு அடி பம்பை நினைத்ததும் புரிந்தது. நான் சின்னவளாக இருந்தபோது தெருவில் அடி பம்பில் தண்ணீர் அடித்திருக்கிறேன். முதல் ஐந்தாறு அடிக்குக் காற்றுதான் வரும். அப்புறம்தான் தண்ணீர் மேலேறும். அக்கம்பக்கத்தாரோடு ஒரு பேச்சுப் பேசிவிட்டுத் திரும்பினால் தண்ணீர் கீழே இறங்கியிருக்கும், மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும். நெஞ்சும் அப்படித்தான். பத்து பன்னிரண்டு தடவை அழுத்திய பிறகுதான் உள்ளே ரத்த அழுத்தம் மெல்ல ஏறுகிறது. நிறுத்தினால் சட்டென்று விழுந்துவிடுகிறது. ஆனால் அதே கை விடாமல் அழுத்தினால் இரண்டு நிமிஷத்தில் ஓய்ந்துவிடும், நமக்கே தெரியாமல் ஆழம் குறைந்துவிடும். அதனால் இரண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் ஆள் மாற வேண்டும். அந்த மாற்றமும் கண் மூடித் திறப்பதற்குள் நடக்க வேண்டும்.

இந்த நெஞ்சு அழுத்தும் வித்தை ஒன்றும் ஆதிகாலத்து விஷயம் இல்லை. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கூவென்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்ற மூவர் 1960-இல்தான் இதை வெளியிட்டார்கள். அதற்கு முன் இதயம் நின்றால் டாக்டர்கள் நெஞ்சைக் கீறித் திறந்து, கையால் இதயத்தைப் பிசைய வேண்டியிருந்தது. அதே காலத்தில் நார்வேயில் பொம்மை செய்துகொண்டிருந்த ஆஸ்முண்ட் லேர்டால் என்பவர் பயிற்சிக்காக ஆள் உயரப் பொம்மை ஒன்றைச் செய்தார். அவருடைய சின்னப் பையனே ஒருதரம் தண்ணீரில் மூழ்கிப் பிழைத்தவனாம். பாரிஸில் சேன் நதியில் இறந்து கிடந்ததாகச் சொல்லப்படும், பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முகத்தை அந்தப் பொம்மைக்கு வைத்தார். வகுப்பில் அந்த முகத்தைப் பார்த்தபோது, தூங்குகிற பெண் மாதிரி அத்தனை சாந்தமாக இருந்தது. எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

கற்றுக்கொண்டதெல்லாம் 2023 ஜூன் மாதம் ஒரு காலையில் மாடிப்படி திருப்பத்தில் என் முன்னால் வந்து நின்றது. மேல்வீட்டு சார் பால் பாக்கெட்டோடு படியேறிப் போனார். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். ‘தொம்’மென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் படித் திருப்பத்தில் கிடக்கிறார், சுற்றிலும் பால். தோளைத் தட்டி, “சார்! சார்!” என்று கத்தினேன். அசைவில்லை. நெஞ்சைப் பார்த்தேன். அப்போது அவர் தொண்டையிலிருந்து ஒரு “கர்ர்”.

அதே சத்தம்! எனக்குக் கை கால் உதறியது. ஆனால் இந்தத் தடவை அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும்.

“டேய், 108 போடு! ஸ்பீக்கர்ல வை!” என்று என் பையனிடம் கத்திவிட்டு முட்டி போட்டேன். ஐந்தாறு தடவை அழுத்தியிருப்பேன், கைக்கடியில் ‘மளுக்’கென்று ஏதோ முறிந்தது. வகுப்பில் சொல்லியிருந்தார்கள், வயசானவர்களுக்கு விலா எலும்பு முறியலாம், அதற்காக நிறுத்தாதே என்று. கேட்டிருந்தாலும் கைக்கடியில் அதை உணர்வது வேறு. வயிற்றைப் புரட்டியது. நிறுத்தவில்லை. கண்ணாடி வளையல் இரண்டு உடைந்து மணிக்கட்டில் கீறியது கூட அப்புறம்தான் தெரிந்தது.

டீச்சரம்மா (அவர் மனைவி, ரிட்டயர்டு டீச்சர்) அலறிக்கொண்டு வந்து அவர் தலையைத் தூக்கி மடியில் வைக்கப் பார்த்தார். “மடியில வேண்டாம் டீச்சரம்மா, தரையிலயே இருக்கட்டும்” என்றேன். இஸ்திரிக் கடைக்காரர் தண்ணீர் பாட்டிலோடு வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் கார் சாவியோடு வந்து, “நான் கொண்டுபோறேன், தூக்குங்க” என்றார். அந்த ஒரு நிமிஷம்தான் சோதனை. கார் நிற்கிறது, சொல்கிறவர் விவரமானவர், நான் பத்தாவதோடு நின்றவள். ஆனால் காரில் ஏற்றினால் நெஞ்சை யார் அழுத்துவது? “வேண்டாங்க சார், வண்டி வரட்டும்” என்றேன். “என்னம்மா இது, ஆளைக் கொல்லப் போறீங்களா?” என்று கோபித்துக்கொண்டார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. 2016-இல் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

இரண்டு நிமிஷத்தில் என் கை செத்துவிட்டது. பையன் மாறினான். அவனும் தலையணையில் பழகியவன்தான், அதுவும் என் தொந்தரவு தாங்காமல். பிறகு நான், மறுபடி அவன். இஸ்திரிக்காரர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “நான் செய்யட்டுமாம்மா?” என்று முட்டி போட்டார். அவருக்கு இருக்கிற கை பலம் எங்களுக்கு ஏது! 108 வந்தபோது 13 நிமிஷம் ஆகியிருந்தது என்று போனில் பார்த்தோம். அவர்கள் கொண்டுவந்த கருவியில் இரண்டு தடவை மின் அதிர்ச்சி கொடுத்த பிறகு, “துடிப்பு வந்திருக்கு” என்றார் அந்தப் பையன்களில் ஒருத்தர். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தோசை கரியாகி வீடெல்லாம் புகை.

சாருக்கு ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தார். இரண்டு விலா எலும்பு முறிந்திருந்தது. “உங்க கை கையா, உலக்கையா? இருமினா இன்னமும் வலிக்குது” என்று இப்போதும் சொல்வார்.

எல்லாருக்கும் இப்படி நடந்துவிடாது. சரியாக அழுத்தினாலும் பிழைக்காமல் போகிறவர்கள்தான் அதிகம். இதை டாக்டரம்மா எங்களிடம் மறைக்கவில்லை, நானும் மறைக்கவில்லை. நெஞ்சு அழுத்தம் மட்டும் இதயத்தைத் திரும்ப ஓட வைப்பதும் அபூர்வம். அந்த மின் அதிர்ச்சிக் கருவி வரும்வரை மூளையைக் காப்பாற்றி வைக்கிற வேலைதான் நம்முடையது. விமான நிலையம் போன்ற சில இடங்களில் ஏ.ஈ.டி. என்ற சின்னப் பெட்டி சுவரில் மாட்டியிருக்கும். அதைத் திறந்து ஸ்விட்சைப் போட்டால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அதுவே சொல்லும். அதைப் பார்த்தால் பயப்படாமல் எடுத்து வரச் சொல்லுங்கள்.

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வின்படி, பொது இடத்தில் விழுந்த ஆண்களில் நூற்றுக்கு 45 பேருக்கு அங்கிருந்தவர்கள் நெஞ்சை அழுத்தியிருக்கிறார்கள். பெண்களில் 39 பேருக்குத்தான். அங்கேயே அப்படி என்றால் நம் ஊரில் கேட்கவா வேண்டும்? பொம்பளை நெஞ்சில் கை வைக்கிறதா என்று தயங்கி நிற்பார்கள். புடவைத் தலைப்பை எடுக்கவோ, ரவிக்கையைத் தளர்த்தவோ நேரம் செலவழிக்கத் தேவையில்லை, துணியின் மேலேயே அழுத்தலாம். தாலிச் சரடு நடுவில் வந்தால் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டால் போதும். உங்கள் வீட்டு ஆண்களிடமும் வயசுப் பையன்களிடமும் இதை வெட்கப்படாமல் சொல்லி வையுங்கள். விழுகிறது நாமாகவும் இருக்கலாம்.

குழந்தைகள் விஷயம் வேறு. அவர்களுக்குப் பெரும்பாலும் மூச்சுத் தடைப்பட்டுத்தான் இதயம் நிற்கிறது. குளியலறை பக்கெட் தண்ணீரில் கவிழ்ந்துவிடுகிற குழந்தை, தொண்டையில் எதையாவது அடைத்துக்கொள்கிற குழந்தை. அதனால் குழந்தைக்கு ஊதுவதும் முக்கியம். தண்ணீரில் மூழ்கி மூச்சில்லாமல் எடுத்த குழந்தையைத் தலைகீழாகச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். முதலில் இரண்டு மூச்சு, பிறகு நெஞ்சை 30 தடவை அழுத்தல், மறுபடி 2 மூச்சு. கைக்குழந்தையானால் அதன் வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி, நெஞ்சு லேசாக எழும்பும் அளவுக்கு மட்டும் ஊத வேண்டும். இரண்டு கையாலும் நெஞ்சைச் சுற்றிப் பிடித்து, இரு கட்டை விரல்களால் நெஞ்சின் நடுவில் 4 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். படித்துவிட்டு மறந்துபோகிற விஷயம் இது. எங்காவது பொம்மை வைத்துச் சொல்லிக் கொடுத்தால், சிறு குழந்தை வைத்திருக்கிறவர்கள் ஒரு அரை நாள் ஒதுக்கிப் போய்விட்டு வாருங்கள்.

மேல்வீட்டு சார் பிழைத்த செய்தி அக்காவுக்கும் போயிற்று. எல்லாரும் எனக்குப் போன் செய்து புகழ்ந்தார்கள். அக்கா மட்டும் செய்யவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு கல்யாண வீட்டில், பந்திக்குக் காத்திருந்தபோது, என்னைப் பார்க்காமலே கேட்டாள்: “அன்னிக்கு இது தெரிஞ்சிருந்தா, உங்க அத்தான் இருந்திருப்பாராடி?”

“தெரியலக்கா” என்றேன். அது உண்மைதான். வேறு என்ன சொல்வது? அவளும் அதற்குமேல் கேட்கவில்லை.

இப்போது மாதம் ஒரு சனிக்கிழமை சாயந்திரம் எங்கள் தெருப் பெண்களை மேல்வீட்டு கார் ஷெட்டில் உட்கார வைத்துத் தலையணைப் பாடம் நடத்துகிறோம். டீச்சரம்மாதான் எண்ணுவார், சும்மாவா, முப்பது வருஷம் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவர். வசூல் செய்து ஒரு பயிற்சிப் பொம்மையும் வாங்கிவிட்டோம். போன மாதம் யாரும் கூப்பிடாமலே அக்கா பஸ் ஏறி வந்திருந்தாள். கடைசி வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் முடித்த பிறகு மெதுவாக எழுந்து வந்தாள். முட்டி வலிக்காரி. சுவரைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டாள். பொம்மையின் நெஞ்சில் கையை வைத்து, “இங்கதானே?” என்றாள்.

“இன்னும் கொஞ்சம் நடுவுல, அக்கா.”

அழுத்தினாள். “ஆழம் போதுமா?”

“இன்னும் கொஞ்சம்.”

டீச்சரம்மா எண்ண ஆரம்பித்தார். இரண்டு நிமிஷம் ஆயிற்று, “ஆள் மாத்தலாம்” என்றேன். அக்கா எழுந்திருக்கவில்லை.